மூன்றாவது குஷன்

7

“சோபால உக்காராத, பக்ரு.”

மலிகா மேடம் சொல்வதற்குள் நான் பாதி உட்கார்ந்துவிட்டேன்.

“பாதிதான் மேடம் குந்துனேன். மீதி பாதி நிரபராதி.”

யாரும் சிரிக்கவில்லை. மேடம் சிரிக்காதது புதிதில்லை. பதினெட்டு வருஷம் இன்சூரன்ஸ் சர்வேயராகத் துறைமுகத்தில் நனைந்த மூட்டைகளையும் நசுங்கிய பெட்டிகளையும் எண்ணிவிட்டு, கல்மண்டபத்தில் ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்டவர் அவர். நான் பக்ருதீன், அவருடைய உதவியாள். ஆபீஸுக்கு இருக்கும் ஒரே வண்டியான பழைய ஆட்டோவின் டிரைவரும் நான்தான். அன்று காலை அதன் ஸ்டார்ட்டரோடு சண்டை போட்டதில் என் விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்திருந்தது.

கதவைத் திறந்துவிட்ட ரூத்தும் சிரிக்கவில்லை. மூலையில் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்த அவள் அம்மா அடைக்கலமேரி என்னைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை. என் ஜோக் செத்துப்போனால் எனக்குப் பொதுவாகக் கோபம் வரும். அந்த வீட்டில் அதுகூட வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி வீடே மரத்துக் கிடந்தது.

விஷயம் இதுதான். பதினாறு நாளைக்கு முன்னால், ஒரு திங்கட்கிழமை காலை, ராயபுரம் சர்ச்சுக்குப் பின்சந்தில் இருக்கும் இந்த ஹாலில் அருள்பிரகாசம் செத்துக் கிடந்தார். ஹார்பரில் கிரேன் ஓட்டி ரிட்டயரானவர். பின்மண்டையில் வீக்கம். பக்கத்தில் கூர்முனை வைத்த டீப்பாய். அவர் மனைவி அடைக்கலமேரி சனிக்கிழமை சாயங்காலமே சர்ச்சின் அன்பியக் குழுப் பெண்களோடு வேனில் வேளாங்கண்ணி போய்விட்டு, திங்கள் காலைதான் திரும்பியிருந்தார். மகள் ரூத் நர்ஸ்; ஞாயிறு மாலை ஆறு மணிக்கே நைட் டூட்டிக்குக் கிளம்பிவிட்டதாகச் சொல்லியிருந்தாள். ஆகவே யாரோ வந்து கிழவரைப் பிடித்துத் தள்ளியிருக்கிறார்கள் என்றது போலீஸ்.

அந்த யாரோ மகன் பென்னிதான் என்பதற்கு அவர்கள் இரண்டு காரணம் வைத்திருந்தார்கள். ஞாயிறு மாலை ஏழு மணிவாக்கில் கிழவர் ‘பென்னி, பென்னி’ என்று கத்தியதைப் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார். அடுத்தது, சோபாவின் மூன்றாவது குஷனில் பதிந்திருந்த கிரீஸ் கை. பென்னி சடையங்குப்பத்தில் லாரி மெக்கானிக். வலது மோதிர விரலில் பாதியை ஒரு ஜாக்கி எப்போதோ தின்றுவிட்டது. குஷனில் இருந்த கையிலும் மோதிர விரல் பாதிதான்.

‘அது ரெண்டு வாரத்துக்கு முந்தி வந்தப்போ வெச்ச கை சார், அப்புறம் நான் வரவேயில்ல’ என்று பென்னி சொல்லிப் பார்த்தான். இன்ஸ்பெக்டர் திருப்பிக் கேட்டாராம், ‘உங்கம்மா ரெண்டு வாரமா ஒரு கறைய சோபால வுட்டு வெச்சிருந்தாங்களா? தெருவே சிரிக்கும்டா.’ கேள்வி நியாயம்தான். அடைக்கலமேரி சோபாவைப் பார்த்துக்கொள்கிற அழகு அந்தத் தெருவுக்கே தெரியும். அம்மாவின் சுத்தம் பிள்ளையைப் புழல் ஜெயிலுக்கு அனுப்பிய கேஸ் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

நாளைக் காலை பத்தரைக்கு ஜாமீன் மனு. கையில் ஒன்றுமில்லாமல் போனால் அது நிற்காது என்று வக்கீலே கையை விரித்துவிட்டார். மூன்று நாள் முன்பு ரூத் எங்கள் மாடிப்படி ஏறி வந்து, “தம்பிய வெளில கொண்டாந்துடுங்க” என்று ஒரே வாக்கியம் சொன்னாள். அழவில்லை. காய்ச்சல் எவ்வளவு என்று சொல்கிற குரல்.

“அம்மா கிட்ட எதுவும் கேக்காதீங்க மேடம்,” என்றாள் இப்போது. “அன்னிலேர்ந்து யார்கிட்டயும் பேசறதில்ல. சாதம் வெச்சா சாப்புடறாங்க. வெக்கலன்னா கேக்கறதில்ல.”

மேடம் தலையாட்டிவிட்டு, சோபாவின் மேல் போர்த்தியிருந்த பெட்ஷீட்டை உருவினார். அடியிலிருந்து பாச்சை உருண்டை வாசனை வந்தது. தேக்குச் சட்டம், அதன்மேல் தனித்தனியாக மூன்று குஷன். மெரூன் நிறப் பருத்தி உறை, ஓரத்தில் பைப்பிங், மொடமொடவென்று கஞ்சி போட்ட விறைப்பு. வாசலில் கன்டெய்னர் லாரி போகிற தெருவில் இப்படி ஒரு சோபாவை வைத்திருப்பதே ஒரு வேலைதான்.

மேடம் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, மூன்றாவது குஷன் முன்னால் முழங்காலிட்டார்.

“இன்னா தெரியுது பக்ரு?”

“கை. மூணரை விரலு, ஒரு கட்ட வெரலு.”

“அத போலீஸே பாத்துட்டாங்க. கைய சுத்தி?”

குனிந்தேன். துணியின் இழைகளுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகப் பொடி. முகர்ந்தால் முகப்பவுடர்.

“சோபா பவுடர் பூசிக்கினு கல்யாணத்துக்குக் கெளம்பிகீது மேடம்.”

மேடம் திரும்பி, மூலையைப் பார்த்துச் சாதாரணமாகக் கேட்டார். “ஏம்மா, கிரீஸ் கறைக்கு இன்னா போடுவீங்க?”

ரூத் வாயைத் திறப்பதற்குள் மூலையிலிருந்து குரல் வந்தது.

“பவுடரு.”

ரூத் அப்படியே நின்றுவிட்டாள். பதினாறு நாளில் அம்மாவின் முதல் வார்த்தை அது.

“தண்ணி போடக்கூடாது,” என்றார் அடைக்கலமேரி, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி. “தண்ணி பட்டா எண்ண உள்ள பூந்துரும். பவுடர கொட்டி ஒரு ராத்திரி வுடணும். காலைல பிரஷால தட்டணும். தேச்சா போச்சு.”

“இதுக்கும் போட்டீங்களா?”

“ரெண்டு வாட்டி. பாதிதான் போச்சு.”

“எப்போ?”

“அவங்கப்பா இல்லாதப்போ அவன் வந்துட்டுப் போன மறுநாளு. நான் வேளாங்கண்ணி போறதுக்கு ரெண்டு வாரம் முந்தி.”

நான் துள்ளினேன். “மேடம், கேஸு முடிஞ்சுது! பையன் சொன்னது நெசம். நாளைக்கு இந்தப் பவுடரையே கோர்ட்ல பூசிடலாம்.”

“பெத்த புள்ளைக்காக அம்மா பொய் சொல்றாங்கன்னு எதிர் வக்கீல் ஒரே வரில முடிச்சுடுவார், பக்ரு.” மேடம் எழுந்திருக்கவேயில்லை. “ஏம்மா, பாதிக் கறையோட ரெண்டு வாரம் அப்படியே வெச்சிருந்தீங்களா?”

“வெப்பனா?” முதல்முறையாக அந்தக் குரலில் கொஞ்சம் சூடு. “கீழ திருப்பிட்டேன்.”

“உறைய கழட்டித் தோய்ச்சிருக்கலாமே?”

“ஒண்ண மட்டும் தோய்ச்சா அது மட்டும் வெளுத்துப்பூடும். அப்பால மத்த ரெண்டோட ஒட்டாது. தோய்ச்சா மூணையும் சேத்துதான் தோய்க்கணும். கிறிஸ்மஸுக்கு ஒரு வாட்டி, ஈஸ்டருக்கு ஒரு வாட்டி.”

“நான் டீ போடறேன்,” என்று ரூத் உள்ளே போனாள்.

மேடம் மூன்றாவது குஷனின் முன்விளிம்பில் விரலை ஓட்டினார். பிறகு பையிலிருந்து போலீஸ் எடுத்த போட்டோவின் நகலை எடுத்து என்னிடம் நீட்டினார். திங்கட்கிழமை காலை எடுத்த படம்.

“மூணு குஷனுக்கும் ஒரு வித்தியாசம் சொல்லு.”

“ஒண்ணுல கை கீது.”

“கைய மறந்துடு.”

பார்த்தேன். முதல் இரண்டு குஷனில் முன்பக்கம் பைப்பிங் மட்டும்தான். மூன்றாவதில் முன்பக்கம் பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு ஜிப். நேரிலும் அப்படித்தான், படத்திலும் அப்படித்தான்.

“அம்மா, நீங்க குஷன எப்படித் திருப்புவீங்க?”

அடைக்கலமேரி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மெதுவாக வந்து, குஷனைத் தொடாமல் காற்றில் கையால் காட்டினார். பைபிளில் பக்கம் திருப்புகிற மாதிரி, வலமிருந்து இடம்.

“இப்டி. அப்பத்தான் ஜிப்பு செவுத்துப் பக்கமே நிக்கும். முன்னால வந்தா சேல மாட்டும். பாக்கவும் கலீஜா கீது.”

“எனக்கு அதெல்லாம் தெரியாது ஆயா,” என்றேன் நான். “ஆட்டோ சீட்ட தோச மாரிதான் திருப்புவேன். முன்னால தூக்கி, பின்னால தொப்புனு.”

“அப்படித் திருப்பினா ஜிப் எங்க வரும்?” என்றார் மேடம்.

மனசுக்குள் ஒரு தோசையைத் திருப்பிப் பார்த்தேன். “முன்னால.”

“அதான். சனிக்கிழமை சாயங்காலம் அம்மா கெளம்பறப்போ இந்தக் கை அடியில இருந்திருக்கு. திங்கக்கிழமை காலைல மேல வந்துடுச்சு. நடுவுல யாரோ தோசை சுட்டிருக்காங்க.”

“பென்னியா?”

“தன் கையத் தானே தோண்டி எடுத்து மேல வெச்சுட்டு ஓடுவானா? காட்டறதுக்காக யாரும் குஷன திருப்பமாட்டாங்க. மறைக்கறதுக்குத்தான் திருப்புவாங்க. போலீஸ் மேல் பக்கத்த போட்டோ எடுத்ததோட திருப்தியாயிட்டாங்க, குஷனக்கூட எடுத்துட்டுப் போகலை.”

இரண்டு கையாலும் மேடம் குஷனைத் தூக்கிக் கவிழ்த்தார்.

அடிப்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. நடுவில் நீலமும் கறுப்புமாக, ஓரத்தில் பழுப்பாக. யாரோ தண்ணீர் விட்டு அழுத்தித் தேய்த்து, சுற்றிலும் ஒரு வளையம் போட்டு வைத்திருந்தார்கள். நிச்சயமாகக் கறை எடுக்கத் தெரியாத ஆள்.

“இங்க்கு,” என்றேன். “ஆனா இந்தக் காலத்துல இங்க்கு பேனா யார் வெச்சிகீறா? பேங்க்ல கூட நூல் கட்டுன ரீபில்தான்.”

மேடம் விரலால் உறையைத் தட்டினார். அது அட்டை மாதிரி சத்தம் போட்டது. “கஞ்சி என்ன கஞ்சிம்மா?”

“சோறு வடிச்ச கஞ்சி. கெட்டியா போடணும். உப்புக் காத்துக்குத் துணி தொய்ஞ்சுடும்.”

ரூத் டீத் தட்டோடு வந்து நின்றாள். அவள் பார்வை கவிழ்ந்து கிடந்த குஷனுக்குப் போனது. அங்கிருந்து சுவரில் இருந்த மாதா படத்துக்குப் போய் அங்கேயே நின்றது.

“ரூத், பக்ருவோட கையப் பாருங்க,” என்றார் மேடம். “அயோடின் இருக்கா?”

நான் விரலை நீட்டினேன். மேடம் எனக்கு மருந்து போடுகிற ரகமில்லை. போன வருஷம் நாய் கடித்தபோதுகூட ‘நாய்க்கு ஒண்ணும் ஆகலையே’ என்றுதான் கேட்டார். ரூத் தன் டூட்டிப் பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். மூடி திருகாத புதுப் பாட்டில்.

“பழசு தீந்துடுச்சா?”

“ம்.”

மேடம் என் முட்டியில் இரண்டு சொட்டு விட்டார். கத்தினேன். அடுத்த சொட்டை டிவி மேல் விரித்திருந்த வெள்ளைத் துணியின் ஓரத்தில் விட்டார். அதுவும் அடைக்கலமேரி கஞ்சி போட்ட துணிதான். பழுப்புச் சொட்டு துணியில் இறங்கி, எங்கள் கண்ணெதிரே நீலமாகி, கறுத்தது. ஏழாம் வகுப்பில் டீச்சர் உருளைக்கிழங்கின் மேல் விட்டுக் காட்டியது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மாவு இருக்கும் இடத்தில் அயோடின் பட்டால் நீலம்.

ரூத் தட்டை டீப்பாய் மேல் வைத்தாள். கிளாஸ்கள் ஒன்றோடொன்று இடிக்கக்கூட இல்லை.

“நான் ஆறு மணிக்குக் கெளம்பலை மேடம்,” என்றாள். “ஏழேகால் வரைக்கும் இங்கதான் இருந்தேன்.”

அதற்குப் பிறகு அவள் சொன்னது எல்லாம் டூட்டி மாறும்போது அடுத்த நர்ஸிடம் நோயாளி விவரம் ஒப்படைக்கிற குரலில்.

“பென்னி கொழந்தைக்கு ஞானஸ்நானம். அப்பா வந்து நிக்கணும்னு கேட்டேன். எங்களக் கேக்காம கல்யாணம் கட்டுனதுலேர்ந்து அப்பாக்கு அவன் பேரே ஆவாது. ‘பென்னிய பத்திப் பேசாத, பென்னி யாரு எனக்கு’ன்னு கத்துனாரு. பக்கத்து வூட்ல கேட்டது அதான். கத்திக்கினே வெடுக்குனு எழுந்தாரு. தல சுத்தி மல்லாந்து வுழுந்தாரு. டீப்பாய்ல மண்ட பட்டுச்சு.”

“நீங்க தள்ளலை.”

“யாரும் தள்ளலை. அவரே எழுந்து குந்துனாரு. ரத்தம் இல்ல, வீக்கம்தான். நான் பஞ்சும் அயோடினும் எடுத்தேன். சின்னப் புள்ள மாரி கையத் தட்டிவுட்டாரு. பாட்டில் மொத்தமும் குஷன்ல கொட்டிச்சு. தண்ணி போட்டுத் தேச்சேன், நீலமா ஆயிடுச்சு. அப்பா சிரிச்சாரு மேடம். ‘உங்கம்மா வந்தா நம்ம ரெண்டு பேரையும் கொன்னுடுவா, திருப்பிப் போடு’ன்னாரு. திருப்பினேன். அடியில பென்னி கை இருந்துது.”

தெருவில் ஒரு லாரி போனது. டீ மேல் ஆடை படிய ஆரம்பித்திருந்தது.

“அப்பா அந்தக் கையவே பாத்துக்கினு இருந்தாரு. ‘இது உங்கம்மாவுக்குத் தெரிஞ்ச கறைதான், மேலயே கெடக்கட்டும்’னாரு. அப்புறம், ‘ஞானஸ்நானத்துக்கு வரேன்னு அவனாண்ட சொல்லு’ன்னாரு. நான் சந்தோஷமா டூட்டிக்குப் போயிட்டேன். மறுநாள் காலைல போன் வந்துது.”

“ஏன் இத்தனை நாள் சொல்லலை?”

“தலையில அடிபட்டவங்கள ராத்திரி தனியா வுடக்கூடாது மேடம், உள்ள ரத்தம் கசிஞ்சா வெளில தெரியாது. நர்ஸிங்ல மொத வருஷப் பாடம். நான் வுட்டுட்டுப் போனேன். மொத நாளு வாய் வரல. ரெண்டாம் நாளு பென்னிய புடிச்சுகினு போயிட்டாங்க. அப்புறம் ஒவ்வொரு நாளும் சொல்றதுக்குக் கஷ்டமாயிக்கினே போச்சு. நீங்க கண்டுபுடிச்சுட்டா நான் சொல்ல வேணாமேன்னு உங்கள தேடி வந்தேன்.”

எனக்கு அவள்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். தம்பி இரண்டு வாரமாகப் புழலில் கிடக்கிறான். ஆனால் வரவில்லை. அவளிடம் கோபப்படுவதற்கு ஏதாவது மிச்சம் இருந்தால்தானே?

“ஜிப்பு முன்னால கீதுன்னு நான் அன்னிக்கே பாத்தேன்.”

அடைக்கலமேரிதான். ரூத் மெல்லத் திரும்பினாள்.

“திங்கக்கெழம வாசல்ல கால வெச்சேன். மொதல்ல ஜிப்பத்தான் பாத்தேன். அப்பாலதான் அவர பாத்தேன்,” என்றார் அவர், குரலில் ஏற்ற இறக்கமே இல்லாமல். “பென்னி குஷன திருப்புனதே கெடையாது. இந்த வூட்ல தோச மாரி திருப்பறவ ஒருத்திதான். எத்தினி வாட்டி சொல்லிக் குடுத்தேன் இவளுக்கு.”

“அம்மா… தெரிஞ்சும் ஏம்மா…”

“இன்னான்னு சொல்வேன்? நீ இன்னா பண்ணன்னு எனக்குத் தெரியாது. ஒண்ணு உள்ள போயிடுச்சு. வாயத் தொறந்தா இன்னொண்ணும் போவும். எந்தப் புள்ளைய குடுக்கறேன்னு தாய்கிட்ட கேட்டா, தாய் இன்னாடி சொல்லுவா? அதான் பேசாம குந்திட்டேன்.” அவர் மேடத்தைப் பார்த்தார். “நீ சோபாவப் பத்திதான் கேட்ட. அதுக்கு பதிலு எனக்குத் தெரியும்.”

இந்த வீடு பதினாறு நாளாக ஏன் மரத்துக் கிடந்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரே கூரைக்கடியில் இரண்டு பேர், ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்கும் தெரியும் என்று தெரியாமல், ஒருவருக்கொருவர் சோறு வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

ரூத் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைக்க ஒன்றுமில்லை; பழக்கம். “வக்கீலுக்குப் போன் போடுங்க மேடம். நானே சொல்றேன். நாளைக்குக் கோர்ட்டுக்கும் வரேன்.”

“உங்கள விசாரிப்பாங்க. வேலைக்கும் சிக்கல் வரலாம்.” மேடம் யாருக்கும் பொய்யாக ஆறுதல் சொல்லமாட்டார். “ஆனா தள்ளினவங்க யாரும் இல்ல. பவுடர், ஜிப், கஞ்சி மூணும் உங்க பக்கம் பேசும்.”

போன் போட்டார். ஸ்பீக்கரில் வக்கீல் நடுவில் குறுக்கிடாமல் கேட்டார். ரூத் முதலில் இருந்து மறுபடி சொன்னாள், இந்தத் தடவை ‘அப்பா சிரிச்சாரு’ என்ற இடத்தில் மட்டும் குரல் உடைந்தது. அழுகை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த வீட்டில் நான் கேட்ட முதல் உயிருள்ள சத்தம் அதுதான். அந்தக் குஷனை யாரும் தொடக்கூடாது, காலையில் போலீஸ் வந்து எடுத்துக்கொள்ளும், பென்னிக்கு நாளைக்கே வழி பிறக்கும் என்று நினைக்கிறேன் என்றார் வக்கீல்.

“இத்த எடுத்துகினு போயிடுவாங்களா?” என்று கேட்டார் அடைக்கலமேரி.

“ஆமாம்மா. இந்த ஒண்ண மட்டும்.”

அவர் சோபாவிலிருந்த மற்ற இரண்டு குஷன்களையும் எடுத்தார். ஒவ்வொன்றையும் முழங்கையால் தட்டி, தூசி உதறி, கவிழ்ந்து கிடந்த குஷனுக்குப் பக்கத்தில் ஜிப் சுவர்ப்பக்கம் இருக்கும்படி அடுக்கினார். வெறும் தேக்குச் சட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, ரூத்தின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். பத்து வருஷமாக அந்த அம்மா அந்தச் சோபாவில் உட்கார்ந்ததே இல்லை என்று ரூத் பிறகு சொன்னாள்.

“மூணையும் எடுத்துகினு போவச் சொல்லு,” என்றார் மேடத்திடம். “ஒண்ண மட்டும் தனியா அனுப்பாத.”